கார் லெதர் சீட்டுக்கு எண்ணெய் வேண்டாம், அழுக்கை எடுத்தால் போதும்

லெதர் சீட் பளபளவென்று மின்னினால் நன்றாகப் பராமரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. புது லெதர் பெரும்பாலும் மினுமினுப்பில்லாமல் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மினுக்கு, வியர்வையும் உடம்பு எண்ணெயும் தூசியோடு சேர்ந்து படிந்தது. சந்தேகமா, ஸ்டியரிங்கில் கை பிடிக்கிற இடத்தையும் பிடிக்காத இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போதைய கார்களில் வரும் லெதரில் பெரும்பாலானவற்றுக்கு மேலே நிறப்பூச்சும் அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும், அதாவது நம் கை படுவது தோலில் அல்ல, பூச்சில்தான். அதனால் சமையலறையில் இருக்கிற எண்ணெயைத் தடவினால் அது உள்ளே இறங்காமல் மேலேயே நின்று தூசியை இழுத்துக்கொள்ளும். உங்கள் சீட் எந்த வகை என்று தெரிய, மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக்கொண்டு கறுத்தால் அது பூச்சில்லாத அனிலின் லெதர். அதற்கென்றே விற்கும் கிளீனர்தான் சரி. சொரசொரப்பான மென்தோலான சூயட், அதைப் போலவே இருக்கும் செயற்கைத் துணியான அல்கான்டாரா, இவற்றின் கதையே வேறு, இந்த முறையை அவற்றில் காட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் வேக்குவம், முக்கியமாகத் தையல் இடுக்குகளில். அங்கே தங்கும் மணலை எடுக்காமல் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். அப்புறம் லெதர் கிளீனரை நேராக சீட்டில் அடிக்காமல் மென்மையான பிரஷ்ஷில் அடித்து, ஒரு சமயத்தில் ஒரு பகுதியாக, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். வெள்ளை நுரை பழுப்பாக மாறும். அது காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். சின்னச் சின்னத் துளைகள் போட்ட சீட் என்றால் ஈரம் இன்னும் குறைவாகவே இருக்கட்டும்; துளைக்குள் இறங்கும் தண்ணீர் ஸ்பாஞ்சையும், இருந்தால் உள்ளே இருக்கும் விசிறி, ஹீட்டரையும் கெடுக்கும். காய வைக்க வெயிலோ ஹேர் டிரையரோ வேண்டாம், கதவைத் திறந்துவைத்தாலே போதும்.

பாத்திரம் கழுவும் சோப்பு, ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், மேஜிக் ஸ்பாஞ்ச், இவை கறையை எடுக்கப்போய்ப் பூச்சையும் கெடுத்துவிடலாம். வெளிர் நிற சீட்டில் ஜீன்ஸ் நீலம் ஏறினால் தள்ளிப்போடாமல் துடையுங்கள், ஊறிப்போனால் லேசில் வராது. பேனா மை அதைவிட மோசம். தேய்க்கத் தேய்க்கப் பரவும், ஆள் வைத்துப் பார்ப்பதே நல்லது.

லெதரை மென்மையாக வைக்கப் பூசும் கண்டிஷனர்? சுத்தம் செய்த பிறகு மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பூச்சு உள்ள லெதரில் அதைவிட, மேலே காப்பாக நிற்கும் புரொடெக்டன்ட்தான் அதிகம் உதவும் என்பேன். ஓட்டுநர் சீட்டை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, முழுச் சுத்தத்தை 3, 4 மாதத்துக்கு ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். ஏறி இறங்கும்போது உரசுகிற ஓர மேட்டில் ஏற்கெனவே வெடிப்பு விழுந்திருந்தால் எந்தக் கண்டிஷனரும் அதை ஒட்டவைக்காது, வெடிப்பை அடைக்கும் ஃபில்லர் போட்டு நிறம் ஏற்றத்தான் வேண்டும்.