ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? மின்பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

சாவியைத் திருப்பியதும் எரியும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏர்பேக் கணினியையும் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். என்ஜினின் கோடு (code, பழுதுக் குறியீடு) மட்டும் காட்டும் மலிவுக் கருவி இதற்கு உதவாது.

'ஓட்டுநர் ஏர்பேக், மின்தடை அதிகம்' என்று வந்து, ஹாரனும் அடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். ஸ்டீயரிங்கில் உள்ள ஏர்பேக்கையும் ஹாரனையும் வண்டியின் வயரோடு இணைக்கும் பாகம் இது. ஸ்டீயரிங்கோடு சுருண்டு விரியும் அதன் தட்டை நாடா நாளடைவில் அறுந்துபோகும்.

கை வைக்குமுன் சாவியை அணைத்து, பேட்டரி மைனஸைக் கழற்றி, வண்டிக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கணினியின் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஏர்பேக் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம். கழற்றிய ஏர்பேக்கின் மூடி மேலே பார்க்கும்படி தள்ளி வையுங்கள். ஏர்பேக் இருந்த இணைப்பில் அதற்குப் பதிலாகச் சுமார் 2 ஓம் ரெசிஸ்டரை இணைத்து, பேட்டரியை மாட்டி, பழுதுக் குறியீட்டை அழித்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோடு திரும்ப வராவிட்டால் பழுது ஏர்பேக்கிலோ அதன் கனெக்டரிலோ. வந்தால் கிளாக் ஸ்பிரிங்கிலோ வயரிலோ. திரும்ப மாட்டும்போதும் பேட்டரி கழன்றிருக்க வேண்டும்.

பக்கவாட்டு ஏர்பேக் கோடு வந்து வந்து போனால், சீட்டுக்கடியில் உள்ள மஞ்சள் கனெக்டரைப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளியே அது தளர்ந்துவிடும்.