‘ஆய்வில் நிரூபணம்’: முடி உதிர்வு மூலிகைகளுக்கான ஆதாரத்தை நீங்களே சோதிப்பது எப்படி?

மூலிகைத் தைலப் புட்டியில் ‘அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தால், அந்த ஆய்வைத் தேடி எடுத்து நாமே எடைபோடலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கீழே உள்ள வரிசைப்படி கேள்வி கேட்டால் போதும்.

படி 1: எந்த வகை முடி உதிர்வு?

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். நெற்றியோரமும் உச்சியும் மெல்ல மெல்லக் குறைவது பரம்பரை வழுக்கை. காசு வட்டத்தில் திடீரென்று முடி போவது புழுவெட்டு. பிரசவமோ கடும் காய்ச்சலோ முடிந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவது மூன்றாவது வகை. இது பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குத்தான் போகும்.

வெங்காயச் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் வெளியான ஈராக் ஆய்வில் 23 பேர் தினம் இருவேளை வெங்காயச் சாறும் 15 பேர் குழாய்த் தண்ணீரும் தடவினார்கள். சாறு தடவியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது, தண்ணீர்க் குழுவில் 2 பேருக்கு. எண்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் இருந்தது புழுவெட்டு. அது உடலின் எதிர்ப்புச் சக்தி முடிவேரைத் தாக்குவதால் வருவது. பல பேருக்குத் தானாகவே சரியாகும். பரம்பரை வழுக்கைக்கு இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. போதாததற்கு, யார் தலையில் வெங்காயம் என்பது வாசனையிலேயே தெரிந்துவிடும்.

படி 2: எலியா, மனிதரா?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) தளத்தில் மூலிகையின் தாவரவியல் பெயரையும், முடி உதிர்வைக் குறிக்கும் ‘அலோபீசியா’ (alopecia) என்ற சொல்லையும் ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தேடுங்கள். இடது ஓரத்தில், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த ஆய்வுகளை மட்டும் காட்டும் கட்டத்தை டிக் செய்தால் பட்டியல் சட்டென்று சுருங்கும்.

கரிசலாங்கண்ணிக்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகள் வெள்ளெலிகளிலும் சுண்டெலிகளிலும் நடந்தவை. முதுகை மழித்து, சாறு தடவி, முடி எத்தனை நாள் முன்னதாக முளைக்கிறது என்று பார்த்தார்கள். எலிக்கு ஒரு பகுதி முடி முழுவதும் ஒரே சமயத்தில் ஓய்ந்து ஒரே சமயத்தில் வளரும்; மனிதத் தலையில் ஒவ்வொரு வேருக்கும் தனிக் கணக்கு. ஆண் ஹார்மோனால் வேர் சிறுத்துப்போவதுதான் நம் பரம்பரை வழுக்கை. அந்த எலிகளுக்கு அது கிடையாது.

படி 3: எதோடு ஒப்பிட்டார்கள்?

ரோஸ்மேரி எண்ணெய், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான ‘மினாக்ஸிடிலுக்குச் சமம்’ என்ற பேச்சு 2015-இல் வெளியான ஓர் ஈரான் ஆய்விலிருந்து வந்தது. பரம்பரை வழுக்கை உள்ள 100 பேர், குழுவுக்கு 50 பேர், 6 மாதம். மூன்றாம் மாதத்தில் இரண்டு குழுவிலும் மாற்றம் இல்லை. ஆறாம் மாதத்தில் ரோஸ்மேரி குழுவின் சராசரி முடி எண்ணிக்கை சுமார் 123-லிருந்து 130 ஆனது. மினாக்ஸிடில் குழுவில் சுமார் 138-லிருந்து 141.

இதில் மூன்று ஓட்டைகள். ஒப்பிட்டது 2% மினாக்ஸிடிலோடு. ஆண்களுக்கு 5% கரைசல் அதைவிட நன்றாக வேலை செய்வது 2002-லேயே காட்டப்பட்டது. அடுத்து, மருந்தே இல்லாத வெறும் எண்ணெய் தடவிய குழு இல்லை. அது இல்லாதபோது ‘இரண்டும் சமம்’ என்ற முடிவுக்கு, இரண்டுமே வேலை செய்யவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். மூன்றாவது, ஏழு முடி கூடியதைக் கண்ணாடியில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. ரோஸ்மேரி பயனற்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நிரூபணமானது என்றும் சொல்ல முடியாது.

படி 4: எவ்வளவு காலம், எப்படி எண்ணினார்கள்?

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். ஆகவே 6 மாதத்துக்குக் குறைந்த ஆய்வை நம்பி முடிவெடுக்காதீர்கள். தலையில் குறித்து வைத்த அதே இடத்தில் முன்னும் பின்னும் எண்ணியிருந்தால் நல்லது. சீப்பில் வந்த முடியை எண்ணுவது பலவீனமான அளவு. நாளுக்கு 50 முதல் 100 உதிர்வது இயல்புதான். ‘பளபளப்பு கூடியது’ என்பதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைப்பதாக 2003-இல் வந்த ஆய்வும் முளைத்த முடி உடைவதைப் பற்றியது, புதிதாக முளைப்பதைப் பற்றியது அல்ல.

படி 5: ஆய்வில் இருந்ததும் கடையில் இருப்பதும் ஒன்றா?

2014-இல் கொரியாவில் 76 ஆண்களிடம் பூசணி விதை எண்ணெய் சோதிக்கப்பட்டது. தினம் 400 மி.கி., 24 வாரம். முடி எண்ணிக்கை 40% கூடியது, மருந்தில்லாத போலி மாத்திரை விழுங்கிய குழுவில் 10%. போலி மாத்திரைக் குழு இருந்ததால் இது ரோஸ்மேரி ஆய்வைவிட ஒரு படி மேல். ஆனால் அந்த மாத்திரையில் வேறு பொருட்களும் கலந்திருந்தன, அதுவும் விழுங்கியது. தலையில் தடவும் பூசணி எண்ணெய்க்கு இந்த ஆய்வைக் காட்டி விற்றால் வாங்காதீர்கள்.

இந்திய மருந்து விதிகளின் ஜே அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது: அதைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ரோஸ்மேரியை முயல விரும்பினால், 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் 12 சொட்டுக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். வட்டமாக முடி போனாலோ, தோல் சிவந்து சீழ் வைத்தாலோ எண்ணெயைத் தொடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். தழும்பாகும் வகை வழுக்கையில் போன வேர் திரும்புவதில்லை.