பேலட் கட்ட எந்த பிளாஸ்டிக் ஸ்ட்ராப்? புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு ஒவ்வொரு படியா

குடோன்ல பேக்கிங் பக்கம் புதுசா நிக்கிறவங்க முதல்ல கேக்குற கேள்வி "எந்த ஸ்ட்ராப் (சரக்கைச் சுத்திக் கட்டுற பட்டை) பலமானது"ன்னுதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆனா கட்டி முடிச்ச அந்த நிமிஷம் எவ்ளோ டைட்டா இருக்குங்கிறதவிட மறுநாள் காலைல அந்த டைட் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம், எந்த ஸ்ட்ராப்ங்கிற தேர்வே அதை வச்சுதான்.

படி 1: ஸ்ட்ராப்ப விடுங்க, முதல்ல லோடைப் பாருங்க

பேலட்ல, அதாவது சரக்கை அடுக்கித் தூக்குற தட்டுல, ஏறப்போற சரக்கு கட்டுனதுக்கப்புறம் என்ன ஆகும்? அமுங்குமா, காஞ்சு சுருங்குமா, உப்புமா, இல்ல கல்லு மாதிரி அப்படியே நிக்குமா? அட்டைப்பெட்டி அடுக்கு மெல்ல அமுங்கும், ஈர மரம் காயக் காயச் சுருங்கும், அழுத்திக் கட்டுன பஞ்சு பேல் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், செங்கல்லும் டைல்ஸும் அசையாது ஆனா எடை ஜாஸ்தி, ஓரமும் கூர்மை. இதை ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு மேல போங்க, எடையையும் சேர்த்து எழுதிக்கங்க.

படி 2: பிபியா, பெட்டா

பிளாஸ்டிக்ல அதிகமா ஓடுறது இந்த ரெண்டும்தான். பிபின்னா பாலிப்ரொப்பிலீன், விலை கம்மி, லேசு, கையால கட்ட சுலபம். இழுத்தா நல்லாவே நீளும், ஆனா ரொம்ப நேரம் இழுவைல இருந்தா அந்த நீளத்துக்கே பழகிப்போயிடும், திரும்ப முழுசா சுருங்கி வராது. அதனால சரக்கு கொஞ்சம் அமுங்குனா கூட பட்டை தொளதொளன்னு ஆயிடும். லேசான பெட்டிங்களை ஒண்ணா சேர்த்து நிறுத்த, பேப்பர் கட்டு, புத்தக பண்டல், கிட்டத்துல போற சரக்கு இதுக்கெல்லாம் பிபி தாராளமா போதும்.

பெட்டுங்கிறது பாலியஸ்டர். அதே அகலம், அதே தடிமன்ல பிபிய விட நல்ல பலம், அதவிட பெரிய விஷயம், இழுவைய நாள் கணக்கா பிடிச்சு வச்சிருக்கும், சரக்கு கொஞ்சம் சுருங்குனா அதுவும் கூடவே சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். மரம், செங்கல், டைல்ஸ், உலோகச் சாமான், தூர லாரிப் பயணம்னா நான் யோசிக்காம பெட்தான் சொல்லுவேன். ஒருதடவ காசு மிச்சம்னு நினைச்சு ஈர மரப் பலகைய பிபில கட்டி அனுப்பிட்டேன், இறக்கும்போது பட்டை ஒண்ணுகூட அறுந்திருக்கல, ஆனா எல்லாமே தொங்கிட்டு இருந்துச்சு, பலகை சரிஞ்சு கெடந்துச்சு. அந்த மனவருத்தம் இன்னும் போகல.

லேபிள் இல்லாத ரோல் கைல கெடச்சா ஒரு சின்னத் துண்டு வெட்டி தண்ணில போட்டு, காத்துக்குமிழி ஒட்டாம அமுக்கி விடுங்க. பிபியோட அடர்த்தி சுமார் 0.91, அதனால மிதக்கும், பெட் சுமார் 1.38, மூழ்கிடும். நிறத்தை நம்பாதீங்க, பச்சையா இருக்குற எல்லாமே பெட் கிடையாது.

(கார்டு ஸ்ட்ராப்னு மூணாவது ஒண்ணு இருக்கு, பாலியஸ்டர் நூல்களை பிளாஸ்டிக்ல பொதிஞ்சு செய்றது, கம்பி பக்கிள் போட்டுக் கட்டுவாங்க. கனமான சரக்குக்கு நல்லது, ஆனா ஆரம்பத்துலயே அது வேணாம்.)

படி 3: அளவு

லேபிள்ல அகலம், தடிமன், நீளம், அறுபடும் பலம், கோர் (ரோல் சுத்தியிருக்குற நடுக் குழாய்) அளவு இருக்கும். அகலம் பொதுவா 9, 12, 15 அல்லது 16, 19 மில்லிமீட்டர். அகலத்தை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, 16 மில்லி அகலம் 0.5 தடிமன்னா குறுக்குப் பரப்பு 8 சதுர மில்லி, 12 மில்லி அகலம் 0.8 தடிமன்னா 9.6, அதாவது ஒரே ரகமா இருந்தா ஒடுங்கலா இருக்குறதுதான் பலம். அப்புறம் அறுபடும் பலத்தை முழுசா கணக்குல எடுக்கக் கூடாது, ஏன்னா பட்டையோட ரெண்டு முனையும் சேர்ற ஜாயிண்ட்தான் முதல்ல விடும், நல்ல வெல்டு (முனைகளை உருக்கி ஒட்டுறது) போட்டாலே பட்டையோட பலத்துல முக்கால்வாசிதான் கிடைக்கும்.

கோர் 200, 406 மில்லின்னு ரெண்டு வகை அதிகம் வரும், உங்க மெஷினோ ஸ்டாண்டோ எதை எடுக்கும்னு ஆர்டருக்கு முன்னாடியே பாத்துக்கங்க. மெஷின்ல ஓட்டப் போறீங்கன்னா 3 மீட்டர் வெட்டி தரைல போட்டுப் பாருங்க, பக்கவாட்டுல அரிவாள் மாதிரி வளைஞ்சா மெஷின்ல சிக்கிட்டே இருக்கும்.

படி 4: ஜாயிண்ட்

பிபிக்கு பிளாஸ்டிக் பக்கிள் போதும், மெட்டல் கிளிப்பும் போடலாம். பெட் வழவழன்னு இருக்கும், சாதா கிளிப் வழுக்கும், உள்பக்கம் சொரசொரப்பா இருக்குற சீல் வேணும், இல்லன்னா பேட்டரி டூல்ல உராய்வு வெல்டு.

படி 5: ஒரு பேலட்ட கட்டி ஒரு நாள் விடுங்க

மொத்தமா ரோல் வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள்ல ஒரு பேலட் கட்டுங்க, மூலைல எட்ஜ் புரொடெக்டர் வைங்க, இல்லன்னா பட்டை அட்டைய வெட்டும், செங்கல் ஓரம் பட்டைய வெட்டும். 24 மணி நேரம் கழிச்சு விரலால இழுத்துப் பாருங்க. கட்டுனப்ப இருந்த இறுக்கம் போயிருந்தா அந்த லோடுக்கு அது ஆகாது, இன்னும் டைட்டா இழுத்து சரிபண்ண நினைக்காதீங்க, ரகத்தை மாத்துங்க. வெயில்ல நிக்கப்போற சரக்குன்னா யுவி பாதுகாப்பு சேர்த்த ரகமான்னு கேட்டு வாங்குங்க, சாதா பிபி வெயில்ல நொறுங்கிப் போயிடும்.

பட்டைய வெட்டும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பட்டை தெறிக்கிற நேர்ல நிக்காம பக்கவாட்டுல நின்னு, ஸ்ட்ராப் கட்டரால வெட்டுங்க. கட்டுன பட்டையப் பிடிச்சு லோடைத் தூக்கவே தூக்காதீங்க.