ரெடிங் கவுன்சில் தேர்தல்: ஓட்டை வீணாக்கும் தவறுகள்

இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தல், அதாவது உள்ளாட்சித் தேர்தல் வந்தால் ஊரைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. மைக் சத்தம் இல்லை, கொடி தோரணம் இல்லை. கதவில் உள்ள தபால் துளை வழியே நாலு நோட்டீஸ் வந்து விழும், அவ்வளவுதான். ஆனால் தேம்ஸ் கரையில் இருக்கிற ரெடிங்கில் குப்பை அள்ளுவது, சாலைக் குழியை மூடுவது, பள்ளியில் இடம் ஒதுக்குவது, முதியோர் பராமரிப்பு என எல்லாமே ஒரே கவுன்சிலின் பொறுப்பு. 1998இல் பெர்க்‌ஷயர் கவுண்டி கவுன்சில் கலைக்கப்பட்டதிலிருந்து அப்படித்தான். நம் அன்றாட வாழ்க்கையை இவ்வளவு நெருக்கமாகத் தொடுகிற ஓட்டைச் சின்னச் சின்னத் தவறுகளால் இழப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

முதல் தவறு, "நான் பிரிட்டிஷ் குடிமகன் இல்லை, எனக்கு ஓட்டு கிடையாது" என்று ஒதுங்கிவிடுவது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இந்த நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசித்தால், 18 வயது ஆனதும் ஓட்டுப் போடலாம். மாணவர் விசாவுக்கும் வேலை விசாவுக்கும் இது பொருந்தும். ரெடிங் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

அடுத்தது, கவுன்சிலுக்கு வீட்டு வரி (கவுன்சில் டாக்ஸ்) கட்டுகிறோமே, பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறியிருக்கும் என்று நம்புவது. ஏறாது. வீட்டில் ஒருவர் பதிந்தால் எல்லோருக்கும் ஆயிற்று என்பதும் இல்லை. 2014 முதல் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கடைசி நாள், ஓட்டுப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு. வழக்கமாகத் தேர்தல் மே முதல் வியாழக்கிழமை நடக்கும். ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்தால் அந்த 12 நாள் நினைத்ததைவிட முன்னாலேயே போய்விடும். அதனால் மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

பதியும்போது பெயரில் கவனம் தேவை. நம் இனிஷியல் வழக்கம் இங்கே குழப்பம் தரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பதிவில் ஒற்றை எழுத்து இருக்கும், இல்லை முன்பின் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே அப்படியே எழுதுங்கள்.

2023 மே மாதத்திலிருந்து வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். தேர்தலுக்கு முன் தபாலில் வரும் அறிவிப்பு அட்டை (போல் கார்டு) அடையாள ஆவணம் ஆகாது. அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தாலும் ஓட்டுப் போடலாம். ஆனால் அதை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்திய ஓட்டுநர் உரிமம், ஆதார், இலங்கை அடையாள அட்டை, கல்லூரி அட்டை எதுவும் செல்லாது. போனில் காட்டும் படமும் செல்லாது. பாஸ்போர்ட்டையே எடுத்துச் செல்லுங்கள். அது காலாவதியாகியிருந்தாலும் படத்தில் உங்கள் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். எதுவுமே இல்லாதவருக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள். அதற்கு 6 வேலை நாள் முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

எந்தக் கவுன்சில் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஏர்லி, வுட்லி பக்கம் குடியிருப்பவர்களின் முகவரியில் ரெடிங் என்றே இருக்கும். ஆனால் அவர்கள் வோக்கிங்ஹாம் கவுன்சிலுக்கு உட்பட்டவர்கள். மேற்கே கால்கட் பக்கம் போனால் அது மேற்கு பெர்க்‌ஷயர். ரெடிங்கில் 16 வார்டு, வார்டுக்கு 3 பேராக 48 கவுன்சிலர்கள். நான்கு ஆண்டுகளில் மூன்று முறை, ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத் தேர்தல். மேற்கு பெர்க்‌ஷயரிலோ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக நடக்கும். அதனால் ஒரு தெருவில் தேர்தல் நடக்கும் ஆண்டில் பக்கத்துத் தெருவில் தேர்தலே இருக்காது.

இதோடு சேர்ந்ததுதான் செல்லாத ஓட்டு. 2022இல் வார்டு எல்லைகளை மாற்றியதால் ரெடிங்கில் எல்லா இடங்களுக்கும் தேர்தல் வந்தது, ஒருவர் மூன்று பேர்வரை தேர்ந்தெடுக்கலாம். மறு ஆண்டே ஒருவருக்குத்தான் ஓட்டு. போன தடவை மாதிரியே மூன்று பெருக்கல் குறி போட்டால் ஓட்டுச்சீட்டு செல்லாமல் போகும். சீட்டின் மேலேயே எத்தனை பேருக்கு என்று எழுதியிருக்கும், அதை முதலில் படியுங்கள். குறைவாகப் போட்டால் பாதகம் இல்லை. சீட்டில் உங்கள் பெயரையோ கையெழுத்தையோ எழுதாதீர்கள்.

ஒரு ஓட்டுதானே என்று நினைக்க வேண்டாம். 2017இல் நார்த்தம்பர்லாந்து கவுண்டியின் தெற்கு பிளைத் வார்டில் இரண்டு பேர் ஆளுக்கு 356 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள். கடைசியில் குச்சி எடுத்துத்தான் முடிவு செய்தார்கள். தோற்றவரின் கட்சிக்கு அந்தக் கவுண்டி கவுன்சிலில் மொத்தம் 67 இடங்களில் 33 கிடைத்தது, பெரும்பான்மைக்கு அந்த ஒரே இடம்தான் குறை.

தபால் ஓட்டில்தான் கை தவறுவது அதிகம். கவரைப் பிரித்தால் சீட்டோடு ஓர் உறுதிமொழித் தாள் இருக்கும். அதில் கையெழுத்துக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம். அந்தத் தேதி உங்கள் பிறந்த தேதி. கையெழுத்துப் போட்டதும் பழக்கத்தில் கை தானாக இன்றைய தேதியை எழுதிவிடும், அதோடு அந்த ஓட்டு போயிற்று. விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தையே இங்கும் போட வேண்டும். சீட்டைச் சின்ன கவரில் ஒட்டி, உறுதிமொழித் தாளோடு பெரிய கவரில் வையுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் வந்தால் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பாதீர்கள், தாள்கள் மாறிப்போகும். ஒருவர் முடித்து ஒட்டிய பிறகு மற்றவர் பிரிக்கட்டும்.

தபாலில் போட நாள் போதவில்லையா? தேர்தலன்று வாக்குச்சாவடியிலேயே கொடுக்கலாம், ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதை நிரப்பாமல் மேசையில் வைத்துவிட்டு வந்தால் எண்ண மாட்டார்கள்.

சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. அன்றைக்குத் திடீரென உடம்புக்கு முடியாமல் போனாலோ, வேலை காரணமாக வர முடியாமல் ஆனாலோ, உங்கள் சார்பில் வேறொருவர் ஓட்டுப் போட மாலை 5 மணிவரை அவசர விண்ணப்பம் கொடுக்க வழி உண்டு. அப்புறம் ஒன்று, வரிசையில் நிற்கும்போது மணி 10 அடித்தால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். 10 மணிக்கு முன் வரிசையில் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும்.