சூப்பர் 8 படச்சுருளைக் காணொளியாக்கியபோது வந்த மினுக்கம்

சூப்பர் 8 (8 மி.மீ. அகலப் படச்சுருள்) படத்தைப் புரொஜெக்டரில் திரையில் ஓட்டி, நொடிக்கு 25 பிரேம் வீதம் பதிவு செய்தபோது, கண்ணுக்குச் சீராகத் தெரிந்த காட்சி பதிவில் மட்டும் விட்டுவிட்டு இருண்டது. புரொஜெக்டரின் விளக்கை மாற்றியும், கேமராவின் தானியங்கி ஒளியளவை நிறுத்தியும் பல நாள்கள் வீணாயின. நொடிக்கு 18 பிரேம் ஓடும் படத்தை புரொஜெக்டரின் மூன்று இதழ் ஷட்டர் (ஒளியை மறைத்து மறைத்து விடும் சுழல்தகடு) நொடிக்கு 54 முறை ஒளிரச் செய்கிறது. அது 25-இன் மடங்கு அன்று, அதனால் பதிவின் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்காது என்பதே எளிதில் கண்ணில் படாத நுணுக்கம். கேமரா ஷட்டரை 1/50 நொடியில் வைத்து, புரொஜெக்டரின் வேகத் திருகை மிக மெதுவாகக் குறைத்தபோது, மினுக்கம் நிதானமடைந்து, ஓட்டம் 16⅔ பிரேமைத் தொட்ட இடத்தில், அதாவது ஒளிர்வு 50 ஆனதும், முற்றிலும் நின்றது, பெரும் நிம்மதி. பின்னர் எடிட்டிங்கில் வேகத்தை 108 விழுக்காடாக உயர்த்தியதும் நடை இயல்புக்குத் திரும்பியது.