மட்டக்களப்பு மணலில தோட்டம்: வரையிற ஆளும் மண் தெரிஞ்ச ஆளும் சேர்ந்து செய்யிறது எப்படி

ரெண்டு பேரும் முதல்ல வளவை ஒண்டாப் பாருங்க, தனித்தனியாப் பிளான் போட்டுட்டு பிறகு ஒட்டவே வேணாம். மாரி மழைக்கு எங்க தண்ணி தேங்குது, கச்சான் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது, மத்தியானம் நிழல் எங்க விழுது எண்டு வரையிறவர் ஒரே தாள்ல கீறட்டும்.

மற்றவர் மண்ணைப் பார்க்கணும். கண்ணாடிப் போத்தல்ல பாதிக்கு மண், மேல தண்ணி, நல்லாக் குலுக்கி அப்படியே வையுங்க, மணல் ஒரு நிமிசத்துக்குள்ள அடியில இறங்கிரும், களி படிய ஒரு நாளுக்கு மேலயும் ஆகும். கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் மணல்தான், தண்ணி நிக்காது, அதால குழி வெட்டி பொச்சுமட்டை, சருகு, சாணி போட்டு மூடிட்டுத்தான் நடணும். வாவிக்குக் கிட்ட எண்டா கிணத்துத் தண்ணி உவரா எண்டும் பாருங்க, இதை விட்டா மற்றதெல்லாம் வீண்.

1970கள்ல ஆஸ்திரேலியாவில பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரனும் உருவாக்கின பெர்மாகல்ச்சர்ல, அதாவது இயற்கையைப் பார்த்து அதுபோலத் தோட்டத்தைத் திட்டமிடுற முறையில, எனக்குப் பிடிச்சது ஸோன் பிரிக்கிறது, எதுக்கு அடிக்கடி போறமோ அதை வீட்டுக்குக் கிட்ட வைக்கிறது. தினம் கை வைக்கிற கறிவேப்பிலை, ரம்பை, மிளகாய் குசினி வாசல்ல, முருங்கை கொஞ்சம் தள்ளி, தென்னை வேலியோரம். குசினித் தண்ணி போற இடத்தில வாழை.

அழகைக் கடைசியில பூசுற வேலையா நினைக்காதீங்க, பாதை வளைவும் செவ்வரத்தை நிறமும் தொடக்கத்திலயே அந்தத் தாள்ல இருக்கணும். காசு எப்படிப் பிரிக்கிற, ஆறு மாசத்துக்குப் பிறகு ஆர் வந்து பார்க்கிற எண்டதையும் அதிலயே எழுதிருங்க.