பயறு வேகாததற்குத் தண்ணீரும் காரணம்: சிக்கனச் சமையலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களுடையது வடசென்னை தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீடு. ஐந்து குடும்பங்களுக்கும் சேர்த்து ஓர் அடி பம்பு, ஒரு மொட்டை மாடி. போன மாசியில் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள் காலை குக்கரைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். உள்ளே காய்ந்த மொச்சை. ஒன்பது விசில் விட்டும் நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை. "அக்கா, கடைக்காரர் பழைய சரக்கைக் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன். மொச்சை நல்ல மொச்சைதான். இரவு ஊறவைத்ததும் காலையில் வேகவைத்ததும் எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். அடி பம்பைக் காட்டினாள்.

பயறு மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். காராமணி, கொள்ளு, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. மீனோ முட்டையோ வாங்க முடியாத வாரத்தில் ஒரு குடும்பத்தைத் தாங்குவது இவைதான். ஆனால் வேகாத பயறு மலிவே இல்லை. எரிந்த காஸ் போகிறது, வேலைக்குப் போகும் காலை போகிறது, கடைசியில் பிள்ளைகளுக்குக் கடையில் இட்லி வாங்க வேண்டியிருக்கிறது. ஆறு பேருக்குச் சமைத்துப் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன், பயற்றில் பணம் போவது வாங்கும்போது அல்ல, வாங்கி வந்த பிறகு.

முதல் தவறு தண்ணீர். வடசென்னையில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கடலை ஒட்டிய நம் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடித் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. சோப்பு நுரைக்காது, வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்த வெள்ளைப் படிவில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் பயற்றுக்கு எதிரி. பயற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூடு ஏறும்போது அது கரைந்தால்தான் பயறு குழையும். கால்சியம் போய் அதைப் பிடித்துக்கொண்டால் கரையாது. பிறகு எத்தனை விசில் விட்டாலும் தோல் தோலாகவே நிற்கும்.

குடிக்கப் பிடிக்கும் தண்ணீரில்தான் பயற்றை ஊறவைக்க வேண்டும், அதில்தான் வேகவைக்கவும் வேண்டும். குழாயில் வரும் மெட்ரோ தண்ணீராக இருந்தாலும் சரி, லாரித் தண்ணீராக இருந்தாலும் சரி. மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை குடிநீர் எடுக்கும் ஆலை இயங்குகிறது. வடசென்னைக்கு வரும் குடிநீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவதுதான். அந்தத் தண்ணீர் குடத்தில் இருக்கும்போதே, "பயற்றைக் கழுவி ஊறப்போடத்தானே, இது எதற்கு" என்று பம்புத் தண்ணீரை எடுக்கிறோம். கழுவுவதற்கு எந்தத் தண்ணீரும் ஆகும். ஊறவைக்க ஆகாது. ஊறும்போதுதான் கால்சியம் பயற்றுக்குள் நுழைகிறது. கால் கிலோ பயற்றுக்கு ஒரு லிட்டர் குடிநீர் போதும்.

இதோடு சேர்த்து ஒரு நம்பிக்கையையும் கைவிடலாம். உப்புப் போட்டால் பயறு வேகாது என்பார்கள். எங்கள் ஆயாவும் அப்படித்தான் சொல்வார். சாப்பாட்டு உப்பு வேறு, நிலத்தடித் தண்ணீரின் கடினம் வேறு. ஊறவைக்கும் குடிநீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கல் உப்பைக் கரைத்துப் பாருங்கள். உப்பில் உள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தை விலக்கி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். தோல் மென்மையாகும், வெடித்துப் பிரியாது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசி வேகவைத்தால் உப்பும் கரிக்காது. நான் கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் இப்படித்தான் செய்கிறேன்.

ஊறும் நேரத்திலும் நிறையப் பேர் தவறுகிறார்கள். பச்சைப்பயற்றுக்கு நான்கைந்து மணி நேரமும் காராமணிக்கு ஆறு மணி நேரமும் போதும். மொச்சைக்கும் கொண்டைக்கடலைக்கும் எட்டு மணி நேரம் வேண்டும், கொள்ளுக்கு அதற்கும் மேலே. ஆனால் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் எட்டு மணிக்கு ஊறப்போட்டுக் காலை ஆறு மணிக்குத் திறந்தால் மேலே நுரை கட்டியிருக்கும், புளித்த வாடையும் வரும். அந்த மாதங்களில் படுக்கப்போகுமுன் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள், அல்லது பத்து மணிக்கு மேல் ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீரில் சத்து இருக்கிறது என்று அதிலேயே வேகவைப்பவர்களும் உண்டு. வயிற்றில் காற்றுச் சேர்க்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது. கொட்டிவிடுவதே நல்லது.

அடுத்தது விசில் கணக்கு. "ஆறு விசில் விடு, எட்டு விசில் விடு" என்று எண்ணுவதே காஸைக் காலி செய்யும் வழக்கம். குக்கரில் அழுத்தம் முழுதாக ஏறியதும் உள்ளே வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் தீயை எவ்வளவு கூட்டினாலும் வெப்பம் கூடாது. கூடுதலாக எரிவதெல்லாம் ஆவியாகி விசிலில் வெளியே போகிறது. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கி மணி பார்க்க வேண்டும். நன்றாக ஊறிய கொண்டைக்கடலைக்கு அதன்பிறகு பதினைந்து நிமிடம், காராமணிக்கு ஐந்தாறு நிமிடம். பிறகு அணைத்துவிட்டு அழுத்தம் தானாக இறங்கும்வரை தொடக்கூடாது. அந்தப் பத்து நிமிடமும் பயறு வெந்துகொண்டேதான் இருக்கும், செலவில்லாமல். குக்கரில் பாதிக்கு மேல் பயறும் தண்ணீரும் நிரப்பாதீர்கள். பயறு நுரைக்கும், நுரை போய் வெயிட் குழாயை அடைத்தால் ஆபத்து. ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

இனிக் குழம்பு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மொச்சைக் கருவாட்டுக் குழம்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எனக்குத் தெரிந்து குறைந்த காசில் இவ்வளவு ருசி தரும் சமையல் வேறில்லை. ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு, நான்கு கத்தரிக்காய், கால் கிலோ மொச்சை இருந்தால் ஐந்து பேர் இரண்டு வேளை சாப்பிடலாம். இதில் நடக்கும் தவறு பாதி வெந்த மொச்சையைப் புளிக்கரைசலில் போட்டு, "குழம்பிலேயே வெந்துவிடும்" என்று விடுவது. வேகாது. புளியும் தக்காளியும் பயறு குழைவதைத் தடுத்து நிறுத்தும். மொச்சையை விரலிடையே நசுக்கினால் மாவாகும் அளவுக்கு முதலில் வேகவைத்துவிட வேண்டும். பிறகுதான் புளி. வெந்த மொச்சையைப் புளி கட்டிப்போடுவதால், குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது கரையாமல் முழுசாக நிற்கும் என்பது இதிலுள்ள நன்மை.

கருவாட்டைச் சேர்க்குமுன் குழம்பில் உப்புப் போடுவது இன்னொரு தவறு. வெந்நீரில் கருவாட்டைப் பத்து நிமிடம் போட்டு, மண் போக மூன்று முறை அலசி, கடைசியில் சேர்த்து ஒரு கொதி விட்ட பிறகே உப்புப் பாருங்கள். மொச்சை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் புளி கரைக்க எடுத்துக்கொண்டால், தேங்காய் அரைக்காமலே குழம்பு கெட்டியாகும். தேங்காய் விற்கும் விலையில் இது சிறிய விஷயமில்லை.

சமையல் சோடாவைப் பற்றி ஒளிவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சோடா பயற்றைச் சீக்கிரம் குழைய வைக்கும், உண்மை. ஆனால் பயற்றில் இருக்கும் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும், அளவு கூடினால் சோப்பு வாடை வரும், தோலெல்லாம் கழன்று சுண்டல் கூழாகும். நல்ல தண்ணீர் இருக்கும் வீட்டில் அதற்கு வேலையே இல்லை. லாரி வராத வாரத்தில், கடினத் தண்ணீரைத் தவிர வேறில்லை என்றால் மட்டும் இரண்டு விரலில் எடுக்கும் சிட்டிகை போடுவேன். அந்தப் பெண்ணின் மொச்சைக்கும் அன்று அதைத்தான் செய்தோம். தண்ணீரை மாற்றி, ஒரு சிட்டிகை சோடாவுடன் இன்னும் அரை மணி நேரம். உள்ளே வெந்தது, தோல் மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை.

வாங்கும் இடத்துக்கு வருவோம். ரேஷன் துவரம்பருப்பை வாங்காமல் விடுவதும், வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுவதும் எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாத தவறுகள். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிலோ 30 ரூபாய்க்குப் பருப்பும், லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் கிடைக்கின்றன. சில மாதங்களில் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வந்ததுண்டு. அதைத் துவரை மாதிரியே வேகவிட்டுக் களியாக்கிவிட்டு, "ரேஷன் பருப்பு நன்றாக இல்லை" என்றவர்கள் பலர். அது சீக்கிரம் வேகும் பருப்பு, அவ்வளவுதான்.

மற்ற பயறுகளை 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டாக வாங்கினால் கிலோ விலை எங்கோ போய்விடும். கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை மொத்தக் கடைகள் இருக்கின்றன. நாங்கள் நான்கு வீடு சேர்ந்து மாதத்துக்கு ஒரு முறை போய் வருகிறோம். இங்கும் ஒரு தவறு காத்திருக்கிறது: மலிவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கிவைப்பது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக் காற்றிலும் பயறு கிடக்கக் கிடக்க இறுகிப்போகும், பிறகு நல்ல தண்ணீரிலும் வேகாது. வண்டு வேறு வரும். காராமணியிலும் பச்சைப்பயற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை வண்டின் முட்டைகள்; ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம், கடையிலேயே பார்த்து ஒதுக்குங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, மாடியில் ஒரு பகல் காயவைத்து, ஆறியபின் இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயன்படுகிறது.

சௌகார்பேட்டைக் கடைகளில் ராஜ்மா அழகாகக் குவிந்திருக்கும். சத்து அதிகம் என்று எண்ணி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புரதத்தில் நம் காராமணிக்கும் அதற்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆசைக்குச் சமைப்பதென்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிவப்பு ராஜ்மாவில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது. வேகாத விதைகள் நாலைந்து போதும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க வேண்டும். குக்கரில் நன்றாக வெந்தாலும் சரி. காஸை மிச்சப்படுத்த, அரைகுறையாகக் கொதிக்கவிட்டுத் துணியால் சுற்றி மூடிவைக்கும் முறையை ராஜ்மாவுக்குச் செய்யவே கூடாது. கொதிநிலைக்குக் கீழான சூட்டில் நச்சு அழியாது, கூடவும் செய்யலாம்.

பரிமாறுவதில் என்னை மிகவும் வருத்தும் தவறு ஒன்று. 100 கிராம் பருப்பைத் தண்ணீர் விட்டு நீட்டி, ஐந்து பேருக்கு ஊற்றி, "பருப்புச் சாப்பாடு" என்று மனம் ஆறுதல் கொள்கிறோம். ஆளுக்கு நான்கு கிராம் புரதம்தான் போகிறது. அதுவே கால் கிலோ காராமணியை வேகவைத்தால் ஆளுக்குப் பத்து கிராம். வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரிது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பயற்றில் இருக்கிறது, பயற்றில் குறைவானது அரிசியில் இருக்கிறது. ஆகவே சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பயற்றைக் கூட்டுங்கள்.

சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பதையும் விடுங்கள். தேநீரின் துவர்ப்புப் பயற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாறாக அரை மூடி எலுமிச்சையோ நறுக்கிய மாங்காயோ சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலில் மாங்காய் ருசிக்கு மட்டும் இல்லை.

மீதம் வைப்பதுதான் கடைசி. ஒரே தடவையில் நிறைய வேகவைப்பது காஸுக்கு நல்லது. ஆனால் எங்கள் லைன் வீட்டில் இரண்டு குடும்பங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. அவர்கள் காலையில் வேகவைத்ததைத் தாளிக்காமல் இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதி உடனே சுண்டலுக்கு. மறுபாதியை மதியமே புளிக்குழம்பில் சேர்த்துக் கொதிக்கவிட்டால் இரவுக்கு ஆகும். இரவும் சூடாகக் கொதிக்கவைத்தே பரிமாறுங்கள். தேங்காய் சேர்த்த சுண்டல் மதியத்துக்கு மேல் நிற்காது. வழவழப்போ புளித்த வாடையோ வந்துவிட்டால் மறுபடி கொதிக்கவைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு கொதிக்கவைத்தாலும் போகாது. கொள்ளு வெந்த தண்ணீரை மட்டும் அன்றைக்கே பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு ரசமாக்கிவிடுங்கள். மழை நாளில் அதுவும் சுட்ட கருவாடும் இருந்தால் எங்கள் வீட்டில் வேறு எதுவும் கேட்பதில்லை.